உங்களுக்குத் தெரியுமா? கெந்திங் காசு எங்கே போகிறது

◆ அம்பாங்கிலிருந்து எம்.ஆர்.ஆர். 2 சாலையில் ஏறி, உலு கிள்ளானைக் கடந்து, கோம்பாக்கில் காராக் நெடுஞ்சாலையைப் பிடித்தால் சுமார் ஒரு மணி நேரத்தில் கெந்திங் மலை. பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவர்களுக்கு அதைவிடச் சுலபம், கே.எல். சென்ட்ரலிலேயே பஸ் நிற்கிறது. மலேசியாவில் சட்டப்படி நடக்கும் கசினோ இந்த மலைமேல் இருப்பது ஒன்றுதான். கசினோவை அனுமதித்தால் மாநிலத்தின் பொருளாதாரம் செழிக்குமா என்று உலகமெங்கும் கேட்கிறார்கள். அதற்கான அரை நூற்றாண்டுக் கணக்கு நம் வீட்டுக்கு இவ்வளவு அருகில் கிடக்கிறது.

◆ அந்த மலை முதலில் காடு. கேமரன் மலை நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்த ஒப்பந்தக்காரர் லிம் கோ தோங், கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே ஒரு குளிர்வாசத்தலம் வேண்டும் என்று 1964ல் நினைத்தார். அடுத்த ஆண்டு, மக்களவையின் முதல் சபாநாயகராக இருந்த முகமட் நோவா ஒமாருடன் சேர்ந்து நிறுவனம் தொடங்கினார். பகாங் 12,000 ஏக்கரும் சிலாங்கூர் 2,800 ஏக்கரும் கொடுத்தன. 1965 ஆகஸ்டில் சாலை வேலை ஆரம்பம். 1969 மார்ச் 31ல் அடிக்கல் நாட்ட வந்த அன்றைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான், அரசாங்கத்தின் உதவி இல்லாமல் இவ்வளவு நடந்திருப்பதைப் பார்த்துவிட்டு, கசினோ உரிமம் கேட்கும்படி சொன்னாராம். லிம் தம் சுயசரிதையில் இதைப் பதிவு செய்திருக்கிறார். முதல் ஹோட்டல் 1971ல் திறந்தது.

◆ கசினோ பெரும்பாலும் பகாங் மண்ணில். அதன் வரி பகாங்குக்கா போகிறது? இல்லை. நம் அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, பந்தயத்தையும் லாட்டரியையும் மத்திய அரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. உரிமம் கொடுப்பது நிதியமைச்சு, வரி வாங்குவதும் மத்திய அரசு. மாநிலங்களுக்கென்று ஒதுக்கிய வருமானங்கள் பத்தாம் அட்டவணையில் இருக்கின்றன. அதில் முதலாவதாக எழுதியிருப்பது கள்ளுக்கடை வருமானம். தோட்டத்துத் தமிழர் கூலியை வாரந்தோறும் உறிஞ்சிய அதே கள்ளுக்கடைதான். நிலம், காடு, சுரங்கம், கேளிக்கை வரி எல்லாம் அதற்குப் பிறகு வருகின்றன. ஆக, “மாநிலத்துக்கு லாபமா?” என்று கேட்பவர் முதலில் எந்தக் கஜானாவைக் கேட்கிறோம் என்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

◆ 2018 நவம்பரில் அறிவித்த 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கசினோவின் ஆண்டு உரிமக் கட்டணம் 12 கோடி ரிங்கிட்டிலிருந்து 15 கோடி ரிங்கிட்டாக ஏறியது. மொத்த ஆட்ட வருமானத்தின் மீதான வரி 35 விழுக்காடு வரை உயர்ந்தது.

◆ சூதாட்டத்தில் அரசு வருமானம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. அதற்கு அம்பாங்கின் பழைய கதைக்கு வருவோம். 1857ல் கிள்ளான் ஆற்றின் வழியே 87 சீனத் தொழிலாளர்களைக் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா ஈயம் தேட அனுப்பினார். இன்றைய கோலாலம்பூரில் கரை இறங்கி, அம்பாங் காட்டுக்குள் நடந்தார்கள். ஒரே மாதத்தில் 69 பேர் மலேரியாவில் மாண்டார்கள். மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். ஈயம் கிடைத்தது, கோலாலம்பூர் பிறந்தது.

ஈயம் வந்ததும் சூதாட்டமும் வந்தது. அதுவும் திருட்டுத்தனமாக அல்ல, சட்டப்படி. அன்றைய முறைக்குக் குத்தகை என்று பெயர். சூதாட்டக் கொட்டகை நடத்தும் உரிமையை அரசு ஏலம் விடும். அதிகம் கேட்டவர் மாதா மாதம் ஒரு தொகையைக் கட்டிவிட்டு மீதியைத் தாம் வைத்துக்கொள்வார். அபினுக்கும் சாராயத்துக்கும் அடகுக் கடைக்கும் இதே ஏற்பாடுதான். காப்பித்தான் யாப் ஆ லோயின் சூதாட்டக் கொட்டகை இன்றைய மேடான் பாசார் பக்கத்தில் இருந்தது. பின்னால் லோக் இயூவும் இப்படிப்பட்ட குத்தகைகளை எடுத்தார். இவர்கள் ஈயச் சுரங்க முதலாளிகளும்கூட. சுரங்கத்தில் கொடுத்த கூலி கொட்டகை வழியாகத் திரும்பி வந்துவிடும். கடன்பட்டவன் ஊர் திரும்ப முடியாமல் மறுபடியும் சுரங்கத்தில் இறங்குவான்.

அரசின் பேரேட்டில் இது வருமானம் என்றே எழுதப்பட்டது. பொய்யும் இல்லை, பணம் உண்மையிலேயே வந்தது. ஆனால் அந்தப் பணம் புதிதாக முளைத்ததல்ல. ஈயம் தோண்டியவன் பையிலிருந்து இடம் மாறியது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் கசினோவின் லாபத்தைப் பேசவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

◆ சிலாங்கூர் அடங்கிய ஐக்கிய மலாய் மாநிலங்களில் இந்தச் சூதாட்டக் குத்தகை 1912 இறுதியோடு ஒழிந்தது. நல்ல வருமானத்தை விட்டுவிட்டு அரசு எப்படிச் சமாளித்தது? ஈயத்தின் மீதான ஏற்றுமதி வரி இருந்தது, ரப்பரும் கொழித்த காலம் அது. அந்த ரப்பர் பாலை வெட்டி எடுத்தவர்கள் பெரும்பாலும் நம் பாட்டன் பாட்டிமார்.

◆ கெந்திங் கசினோவுக்குள் 21 வயதுக்குக் குறைந்தவர் போகக் கூடாது, முஸ்லிம்கள் போகக் கூடாது. இதன் பொருளை நாம் நேராகப் பார்க்க வேண்டும். நாட்டு மக்களில் அந்தக் கதவு திறந்திருப்பது பெரும்பாலும் சீனருக்கும் இந்தியருக்கும். நுழைவுக் கட்டணம் ஒரு சென் கிடையாது. ஜொகூரிலோ பினாங்கிலோ இருப்பவர் திட்டம் போட்டுத்தான் வர வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர் சம்பள நாளன்று மாலையில் போய்விட்டு விடிவதற்குள் வீடு திரும்பலாம்.

◆ கசினோவை வைத்துக்கொண்டு சொந்த மக்களை வெளியே நிறுத்தும் நாடுகள் உண்டு. நேப்பாளத்தில் நேப்பாளியர் ஆட முடியாது. தென்கொரியாவில் பல கசினோக்கள் இருந்தாலும் கொரியர் நுழையக்கூடியது காங்வோன் லேண்ட் ஒன்றுதான். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப் பிழைப்பு போன மலையூருக்காக 2000ல் அதைத் திறந்தார்கள். வேலை வந்தது. கூடவே ஊர்த் தெரு நெடுக அடகுக் கடைகளும் வந்தன. கோவாவில் மாண்டோவி ஆற்றில் மிதக்கும் கசினோக்களில் கோவாக்காரர் ஆடக் கூடாது என்று 2020 பிப்ரவரியில் தடை போட்டார்கள். வெளியூர்ப் பணம் வந்தால்தான் ஊருக்கு வரவு என்பதை இந்த அரசுகளே ஒப்புக்கொண்ட மாதிரிதானே இது?

◆ சிங்கப்பூர் 2010ல் இரண்டு கசினோக்களைத் திறந்தது. 2009ல் 97 லட்சமாக இருந்த வெளிநாட்டுப் பயணிகள் 2010ல் 1 கோடியே 16 லட்சம் ஆனார்கள். உலகப் பொருளாதாரம் அப்போது மீண்டுகொண்டிருந்தது, அதனால் முழுப் பெருமையையும் கசினோவுக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் பலன் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன்.

நான் அதைவிட முக்கியமாக நினைப்பது வாசலில் போட்ட தடுப்பை. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளைக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே சட்டம். 2019ல் அது 150 ஆனது. கணவன் சூதாடிக் குடும்பம் நொடிந்தால், மனைவி விண்ணப்பித்து அவரைக் கசினோவுக்குள் விடாமல் தடுத்து வைக்கலாம். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு. சூதாட்டப் பழக்கத்தில் சிக்கியிருக்கக்கூடியவர்கள் 2011ல் 2.6 விழுக்காடு, 2014ல் 0.7 விழுக்காடு என்று அந்நாட்டு ஆய்வுகள் காட்டின. இந்த இரண்டு கசினோக்களில் செந்தோசாவில் இருப்பது கெந்திங் குழுமத்துடையது. அங்கே உள்ளூர்க்காரரிடம் கட்டணம் வாங்கிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். அது அங்கே முடியும் என்றால் இங்கே ஏன் முடியாது? நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும்.

◆ அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் 1978ல் முதல் கசினோ. பக்கத்து மாநிலங்களும் கசினோ திறந்ததும் கூட்டம் பிரிந்தது. 2014 ஒரே ஆண்டில் நான்கு கசினோக்கள் மூடின, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். மக்காவ் அரசுக்கோ ஐந்தில் நான்கு பங்கு வருமானம் சூதாட்ட வரியிலிருந்து வந்த ஆண்டுகள் உண்டு. 2020ல் கோவிட் தொற்று வந்தபோது கசினோ வருமானம் ஏறக்குறைய 80 விழுக்காடு சரிந்தது.

◆ கெந்திங்கும் அதே ஆண்டு மார்ச்சில் மூடியது, ஜூனில்தான் திறந்தது. இடையில் ஆட்குறைப்பு நடந்தது. மலையில் அறை துடைப்பவர், சமையல்காரர், காவலாளி, பஸ் ஓட்டுநர் என்று ஆயிரக்கணக்கானோர் பிழைக்கிறார்கள், நம்மவரும் அவர்களில் உண்டு. அந்த வேலைகளைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. எனினும் அந்தக் கூலியில் எவ்வளவு தீம் பார்க்கும் குளிரும் கேபிள் காரும் கொண்டுவருவது, எவ்வளவு சூதாட்ட மேசை கொண்டுவருவது என்று பிரித்துப் பார்த்தால்தான் கணக்கு நேராகும்.

◆ சூதாட்ட வருமானம் அரசுக்கு வேண்டுமா என்பதில் அடுத்தடுத்த மாநிலங்களே வேறு வேறு வழியில் போனதுண்டு. தமிழ்நாடு 1968ல் அரசு லாட்டரியைத் தொடங்கியது. 2003ல் எல்லா லாட்டரிகளையும் தடை செய்தது. பக்கத்துக் கேரளம் 1967ல் தொடங்கியதை இன்றும் நடத்துகிறது.

◆ 2024 ஏப்ரலில் ஜொகூரின் ஃபாரஸ்ட் சிட்டியில் கசினோ வரப்போகிறது என்று ஒரு செய்தி கிளம்பியது. பிரதமர் அன்வார் இப்ராஹிம் உடனே மறுத்தார். பேச்சு அத்தோடு அடங்கியது. ஆனால் அடுத்த முறை எழும்போது வேலை எத்தனை, வரி எத்தனை என்பதோடு, ஆட வருபவர் யார், எங்கிருந்து வருவார் என்ற கேள்வியும் சபையில் எழ வேண்டும்.

◆ ஆட்டத்தில் விட்டதைப் பிடிக்க ஆலோங் எனும் உரிமமில்லா வட்டிக்காரரிடம் போகிறவர்கள் கவனத்துக்கு: 1951ஆம் ஆண்டு வட்டித் தொழில் சட்டப்படி உரிமம் பெற்றவர்கூட அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது. அடமானம் இருந்தால் 12. விளக்குக் கம்பத்தில் ஒட்டிய நம்பருக்கு அழைப்பதற்கு முன்னால், வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால், பேங்க் நெகாரா 2006ல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே.யிடம் போங்கள். ஆலோசனைக்குக் காசு கிடையாது.