உங்களுக்குத் தெரியுமா? டிக் டார்ச்சும் அதன் சில்லறைச் சாமான்களும்

பட்டறைகளில் ‘ஆர்கான் வெல்டிங்’ என்று சொல்கிற டிக் வெல்டிங், முதலில் ஓடியது ஹீலியத்தில். அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் மெக்னீசியத்தை இணைப்பதற்காக ரஸ்ஸல் மெரிடித் உருவாக்கிய முறை இது. 1942-ல் காப்புரிமை கிடைத்தது. ஹீலியம் லேசான வாயு, மேலே பறந்துவிடும். ஆர்கான் காற்றைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு கனம், வெல்டின் மேலேயே படிந்து நிற்கும். அதனால் குறைந்த வாயுவிலேயே வேலை முடியும்.

டார்ச்சின் எண்ணை வைத்து அதன் சக்தியை யூகிக்க முடியாது. 17-ஆம் எண் காற்றில் குளிர்வது, சுமார் 150 ஆம்பியர் தாங்கும். 26-ம் அதே ரகம், 200 வரை போகும். இரண்டுக்கும் நடுவில் எண் பெற்ற 18-ஓ தண்ணீரில் குளிர்வது, 350 வரை தாங்கும். ஆனால் மூன்றுக்கும், டங்ஸ்டன் ராடைப் பிடிக்கும் கோலெட், வாயு இறங்கும் கப், பின்மூடியான பேக் கேப் எல்லாம் ஒன்றே. சின்னத் தலை கொண்ட 9-க்கும் 20-க்கும் இன்னொரு செட். கடைக்குப் போகுமுன் டார்ச்சின் எண்ணைக் குறித்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

வாட்டர் கூலிங் டார்ச்சின் கேபிள் ஏன் அவ்வளவு மெலிசு? மின்சாரம் போகும் செம்புக்கம்பி தண்ணீர்க் குழாய்க்குள்ளேயே ஓடுகிறது. பம்ப் நின்றதைக் கவனிக்காமல் வெல்டு அடித்தால் கருகுவது அந்தக் கம்பிதான்.

செராமிக் கப்பில் உள்ள எண், வாயின் விட்டத்தை அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்காகச் சொல்கிறது. 8 என்றால் அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. மூலை முடுக்குக்கு 5 போதும். எஸ்.எஸ்., டைட்டானியம் என்றால் பெரிய வாய் வேண்டும். சூடு தணியும்வரை காற்று படக் கூடாத உலோகங்கள் அவை.

டங்ஸ்டன் ராடின் முனையில் பூசிய நிறம்தான் அதன் ஜாதகம். சிவப்பு என்றால் 2 சதவீதம் தோரியம் கலந்தது; நீலம் 2 சதவீதம் லாந்தனம்; சாம்பல் நிறம் சீரியம்; பச்சை சுத்த டங்ஸ்டன். தோரியம் கதிரியக்கம் உள்ளது. ராடைக் கையில் பிடிப்பதில் பெரிய ஆபத்து இல்லை. கிரைண்டரில் கூர் தீட்டும்போது பறக்கும் தூசி மூச்சோடு உள்ளே போவதுதான் வினை. ஏசி, டிசி இரண்டுக்கும் ஒத்துவரும் நீலம் இருக்கையில் சிவப்பை இன்னும் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பது வெறும் பழக்கம் என்பேன். இன்னொரு செய்தி: தோரியம், லாந்தனம், சீரியம் மூன்றும் கலந்து கிடக்கும் தாது மோனசைட். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது உண்டு.

அதே ராடை நீளவாக்கில்தான் தீட்ட வேண்டும். குறுக்கே தீட்டினால் விழும் வளையக் கோடுகளில் ஆர்க் நிலைகொள்ளாமல் அலையும்.

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படிந்த ஆக்சைடுப் படலமோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். அந்தப் படலத்தை உடைப்பது ஏசி மின்சாரம். மலிவாகக் கிடைக்கிறதென்று டிசி மட்டும் உள்ள மெஷினை வாங்கிவிட்டு அலுமினியத்துக்கு டார்ச்சை மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. எந்த டார்ச்சும் அங்கே உதவாது.

முதலில் வாங்க வேண்டிய உதிரி எது என்று கேட்டால், கேஸ் லென்ஸ் என்பேன். கோலெட் பாடிக்குப் பதில் மாட்டும் இதன் சல்லடை, வாயுவைச் சுழலவிடாமல் சீராக இறக்குகிறது. டங்ஸ்டனைக் கூடுதலாக வெளியே நீட்டலாம், மூலைக்குள் கண்ணுக்குத் தெரியும். ஒன்று: சாதாரண கப் இதற்குச் சேராது, தனி கப் வேண்டும். வாயுவைக் கூட்டித் திறந்தால் பாதுகாப்பும் கூடும் என்று நினைக்க வேண்டாம். வேகம் மிஞ்சினால் சுழல் உண்டாகி வெளிக்காற்றை உள்ளே இழுத்துவிடும்.

குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனரால் துடைத்த இரும்பில் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் உருவாகலாம். முதல் உலகப்போரில் ஆயுதமாகப் பயன்பட்ட நச்சு வாயு அது. துடைக்க அசிட்டோன் எடுத்துக்கொண்டு, நன்றாக உலர்ந்த பின்பே ஆர்க் அடியுங்கள்.

கேஸ், மெஷின் எல்லாம் சரி, ஆனாலும் டங்ஸ்டன் கறுக்கிறதா? பேக் கேப்பைக் கழற்றி, உள்ளே ஓ-ரிங் இருக்கிறதா என்று பாருங்கள். அது வெடித்திருந்தால் காற்று பின்வழியாகப் புகும்.