பழகினால் இனிக்குமா?

ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கும் ஹெட்போன் முதல் நாளில் ஏமாற்றுகிறது. போகப் போகச் சரியாகும் என்கிறார்கள் விற்பவர்கள். சரியாவது கருவியா, காதா?

விலை உயர்ந்த ஹெட்போனை முதல் முறை மாட்டிக்கொள்கிறவர்களில் பலருக்குக் கிடைப்பது பரவசம் அல்ல, திகைப்பு. இத்தனை காலம் 800 ரூபாய் இயர்போனில் நெஞ்சை அதிரவைத்த மிருதங்கம் இதில் அடக்கி வாசிக்கிறது. பாடகரின் குரல் மெலிந்து ஒலிக்கிறது. பழைய திரைப்பாடலாக இருந்தால், அதுவரை காதில் படாத டேப் இரைச்சலும் கூடவே வருகிறது. குழம்பிப்போய் கடைக்காரரைக் கேட்டால் தயாராக ஒரு பதில் கிடைக்கும்: “ஒரு 200 மணி நேரம் ஓடட்டும் சார். அப்புறம் பாருங்க.”

புது மோட்டார் சைக்கிளை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு முறுக்காமல் ஓட்டிப் பழகிய தேசத்தில் இந்த வாதம் சுலபமாக எடுபடுகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். தினமும் 2 மணி நேரம் கேட்டால் 200 மணி நேரம் முடிய 100 நாள் ஆகும். பொருளைத் திருப்பித் தரும் கெடுவோ பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தீர்ந்துவிடும்.

புதுக் கருவியையும் பல மணி நேரம் ஓடிய அதே கருவியையும் அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த வித்தியாசம் மிகச் சொற்பம். ஹெட்போனைத் தலையில் சில மில்லிமீட்டர் நகர்த்தி வைத்தாலே அதைவிட அதிக மாற்றம் தெரிகிறது. காதைச் சுற்றி அமரும் மெத்தைகள் நாளடைவில் தளர்ந்து ஒலியைச் சற்று மாற்றும் என்பது உண்மைதான். ஆனால் 100 நாள் காத்திருப்புக்கு அது போதுமான காரணம் ஆகாது.

மாறுவது பெரும்பாலும் கேட்பவர்தான். இதற்கு ஒரு விசித்திரமான ஆதாரம் 1998இல் நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. நான்கு பேரின் காது மடல்களில் அச்சு வார்த்துப் பொருத்தி, மடலின் வடிவத்தையே ஆய்வாளர்கள் மாற்றினார்கள். சத்தம் மேலிருந்து வருகிறதா, கீழிருந்து வருகிறதா என்று சொல்ல முடியாமல் அவர்கள் திணறினார்கள். சில வாரங்களில் மூளை புதிய காதுக்குப் பழகி, மறுபடி சரியாகச் சொல்ல ஆரம்பித்தது. அச்சைக் கழற்றியதும் பழைய திறனும் அப்படியே இருந்தது! சோதனை சத்தத்தின் திசையைப் பற்றியதே தவிர இசையைப் பற்றியது அல்ல. என்றாலும் காதில் விழுவதை மூளை எவ்வளவு தூரம் சரிக்கட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சிக்கலும் இங்கேதான். அந்த மூளை விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. நல்ல ஒலிக்குப் பழகுவதுபோலவே மோசமான ஒலிக்கும் அது பழகிவிடும். மூன்று வாரம் கழித்து இனிக்கிறது என்பதால் கொடுத்த பணம் நியாயம் என்று ஆகிவிடாது.

விலைக்கும் ஒலிக்கும் உள்ள உறவு அதைவிடத் தளர்வானது. 283 ஹெட்போன்களை அளந்து ஜெரோன் பிரீபார்ட் 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு கருவியின் அடி முதல் உச்சம் வரையிலான சுருதிகளின் சமநிலைக்கும் அதன் விலைக்கும் தொடர்பே காணவில்லை. ஹார்மன் நிறுவனத்தின் சீன் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் நடத்திய சோதனைகளில் பங்கேற்றவர்கள் விரும்பியது நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கரைப் போன்ற ஒலியைத்தான். அப்படி ஒலிக்க எந்தக் கருவியும் லட்சம் ரூபாய் ஆக வேண்டியதில்லை.

அப்படியானால் பணம் எங்கே போகிறது? சில சமயம் பொறியியலுக்கு. ஜப்பானின் ஸ்டாக்ஸ் 1960 முதல் விற்றுவரும் மின்னிலை வகைக் கருவிகளில் காந்தச் சுருளே கிடையாது. மின்னழுத்தம் ஏற்றிய மெல்லிய படலம் ஒன்றுதான் துடிக்கிறது. இன்றைய மாடல்களுக்கு 580 வோல்ட் தேவை, அதைத் தருவதற்கென்றே தனி ஆம்ப்ளிஃபயரும் தேவை. சில சமயம் கௌரவத்துக்கு. சென்ஹைசர் 2015இல் அறிவித்த எச்இ 1இன் அப்போதைய விலை சுமார் 50,000 யூரோ. ஆம்ப்ளிஃபயரின் கூடு இத்தாலியின் கராரா சலவைக்கல். பளிங்கு பாடாது. சில சமயம், பாராட்ட வேண்டிய விதத்தில், ஆயுளுக்கு. அதே நிறுவனம் 1997இல் கொண்டுவந்த எச்டி 600இன் மெத்தை, கம்பி எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். இரண்டு வருடத்தில் பேட்டரி சோர்ந்து குப்பைக்குப் போகும் புளூடூத் ஜோடிகளோடு ஒப்பிட்டால் அந்த விலை அத்தனை அநியாயமாகத் தெரியாது.

ஆனால் 300 ஓம் மின்தடை கொண்ட அந்தக் கருவியை வெறும் செல்போனில் செருகினால் முழு உயிரோடு பாடாது. 2016இல் ஐபோன் 7 பரவலாக்கிய வழக்கத்தால் செருகத் துளையே இல்லாத போன்கள்தான் இப்போது அதிகம். எனவே ஆம்ப்ளிஃபயர், இணைப்பான் என்று செலவு நீளும். 2022 பட்ஜெட்டில் ஹெட்போன் மீதான சுங்க வரி 20 சதவீதமாக உயர்ந்தது வேறு.

இதையெல்லாம்விடப் பெரிய இடைஞ்சல் வீடு. உயர்ரக ஹெட்போன்களில் பல, முதுகு திறந்தவை. உள்ளே பாடுவது வெளியே கேட்கும், வெளியே நடப்பது உள்ளே கேட்கும். ஹானோவர் பக்கத்துக் கிராமத்து அமைதியில் பிறந்த இந்த வடிவத்துக்கு மின்விசிறியும் குக்கர் விசிலும் தெருவில் காய்கறி விற்பவரின் ஒலிபெருக்கியும் தெரியாது. மும்பை லோக்கல் ரயிலில் அது தலையில் மாட்டிய அலங்காரம்தான். இரைச்சலை அமுக்க வால்யூமைக் கூட்டினால் போவது காது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் கூட்டும்போதும் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். 86இல் 10 மணி நேரம்தான். இரைச்சல் நிறைந்த இடத்தில் கேட்பவருக்கு, சத்தத்தை அடைக்கும் சாதாரணக் கருவி லட்ச ரூபாய்க் கருவியைவிட அதிகம் தருகிறது.

விளம்பரம் 40,000 ஹெர்ட்ஸ் வரை பேசும். மனிதக் காது இளமையில்கூட 20,000ஐத் தாண்டுவதில்லை. இப்படி ஒரு கருவி வாங்கக் கையில் காசு சேரும் வயதில் 15,000க்கு மேல் பலருக்குக் கேட்பதே இல்லை.

வாங்கியே தீருவது என்று இருப்பவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. திருப்பித் தரும் கெடுவுக்குள் புதியதை மட்டுமே கேட்பது. கெடு முடிய ஒரு நாள் இருக்கையில் பழையதை எடுத்து, நன்கு தெரிந்த ஒரே பாட்டை இரண்டிலும் மாற்றி மாற்றிக் கேட்பது. சத்தம் இரண்டிலும் ஒரே அளவு இருக்க வேண்டும், ஏனென்றால் சற்றே உரக்கப் பாடுவது எப்போதும் நன்றாகப் பாடுவதாகத் தோன்றும். பழையதில் ஏதோ குறைகிறது என்று பட்டால் வைத்துக்கொள்ளலாம். படாவிட்டால் பெட்டியும் ரசீதும் பத்திரமாக இருக்க வேண்டும்.