இளங்கோழிகளின் மோதல்: விளையாட்டா, வன்மமா?

வனராஜா, கிராமப்பிரியா போன்ற புறக்கடை இனங்களை வளர்க்கும் நம் வாடிக்கையாளர் பலர், இளம் பெட்டைகள் எதிரெதிரே நின்று, கழுத்திறகைச் சிலிர்த்து, எம்பி மார்போடு மார்பு மோதுவதைக் கண்டிருப்பர். அதனைப் பகையென்று அஞ்சி இறைச்சிக்கு விற்றுவிடுவோரும் உண்டு. ஐந்தாறு மாதம் தீவனமிட்டு, முட்டை வரும் வேளையில் விற்பது இழப்பே. கடன் பெற்று வளர்ப்போருக்குத் தவணையும் சுமையாகும்.

குஞ்சுகள் சில வாரங்களிலேயே இவ்வாறு மோதிப் பழகுகின்றன. எது முந்தி உண்பது, எது விலகி நிற்பது என்னும் வரிசை இதன்வழியே உருவாகிறது. நார்வே அறிஞர் ஷெல்டெரப்-எப்பே இக்கொத்து வரிசையை 1921-இல் விளக்கினார். வரிசை நிலைபெற்றால் சண்டை தணியும்.

மோதல் சில நொடிகளில் முடிந்து, இரண்டும் சேர்ந்து மேய்ந்தால் கவலை வேண்டா. இரத்தம் கசிந்தாலோ, ஒரே கோழி தீவனத்தை அணுகவொட்டாமல் விரட்டப்பட்டாலோ அதனை உடனே பிரித்தல் வேண்டும். இரத்தத்தைக் கண்டால் மற்றவையும் கொத்தும். கம்பிவலைக்கு அப்பால், பிற கோழிகளின் பார்வையில் படும்படி அடைப்பது நன்று. நெடுநாள் மறைந்திருந்தால் அதனை அயலாகக் கருதித் தாக்கும். புதிய கோழிகளையும் இவ்வாறே பழக்கிச் சேர்க்கலாம்.

இடநெருக்கடியும் தீவனத்தட்டுப் பற்றாக்குறையும் பூசலை வளர்க்கும். தட்டுகளையும் தண்ணீர்க் கலங்களையும் பல இடங்களில் தள்ளித் தள்ளி வையுங்கள். விற்கும் முடிவுக்கு முன் சில நாள் உற்றுநோக்குமாறு வேண்டுகிறோம்.