கணையப் புற்றை முன்னறிதல்

திருவொற்றியூரில் எம் தெருவில், துறைமுகத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். அறுபது வயது கடந்தபின் அவருக்கு நீரிழிவு கண்டது. ஓராண்டிற்குள் உடல் மிக மெலிந்தது. சோற்றைக் குறைத்துக் கேழ்வரகுக் களியைக் கைக்கொண்டதன் பயன் இதுவென்று அவர் மகிழ்ந்தார், யாமும் பாராட்டினோம். பின்னர்க் கண்ணில் மஞ்சள் படர்ந்தபொழுதுதான், நோய் கணையப் புற்றென்பதும், அது கல்லீரலிலும் பரவிவிட்டதென்பதும் வெளிப்பட்டன. அப்பாராட்டை நினைக்குந்தோறும் எமக்கு நாணம் உண்டாகின்றது. இதனை எழுதப் புகுந்ததும் அதனாலேயே.

கணையம் இரைப்பையின் பின்னே குறுக்காகக் கிடப்பது. உணவைச் செரிப்பிக்கும் நீரையும், இரத்தத்துச் சர்க்கரையை அடக்கும் இன்சுலினையும் சுரப்பது. அத்துணை ஆழத்தில் முளைக்கும் சிறு கட்டி கைக்கு அகப்படாது. பெரும்பாலும் தொடக்கத்தில் வலியும் செய்யாது. ஆதலின், இரத்தத்தில் கலந்து நின்று நோயை உணர்த்தும் பொருள் ஏதேனும் உண்டோ என அறிஞர் தேடலாயினர். அத்தகைய பொருளை உயிர்க்குறி என்னலாம். பெருங்குடற் புற்றை ஆராய்ந்த காப்ரோவ்ஸ்கி என்பாரும் அவர் துணைவரும் 1979-இல் பிலடெல்பியா நகரில் இயற்றிய ஆராய்ச்சியின் வழியே வந்தது சி.ஏ. 19-9 என்னும் குறி. கணையப் புற்றில் இது மிகுகின்றது. ஆயின், பித்தநாளத்தைக் கல் அடைத்தாலும் மிகுகின்றது; சிலர் உடலிலோ பிறவியிலேயே இது தோன்றுவதில்லை.

இதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. இலக்கம் பேரில் பதின்மர்க்கு இந்நோய் இருப்பதாகவும், நோயற்றவருள் நூற்றுக்கு ஒருவரை மட்டுமே பிழையாகக் காட்டும் சோதனையொன்று கிடைத்ததாகவும் கொள்வோம். அது பதின்மரோடு, நோயில்லாத ஆயிரவரையும் காட்டிக்கொடுக்கும். அவ்வாயிரவர்க்கும் வயிற்றுப் படம், ஊசி, உறக்கமற்ற இரவுகள்! (தமிழ் பயில்வார்க்குக் கணக்கு எதற்கு என்னும் நண்பர்கள் இதனை ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக.) ஆகவே, யாரிடத்துத் தேடுவது என்பதை முதலில் துணிய வேண்டும்.

இத்தேட்டத்தில் எம் வடசென்னைக்கும் பங்குண்டு. 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய பேராசிரியர் எம். விசுவநாதன், 1954-இல் இராயபுரத்தில் ஒரு மருத்துவமனை நிறுவினார். பின்னர் அது நீரிழிவிற்கே உரியதாயிற்று. கணையத்திற் கல் தோன்றி, அதனால் நீரிழிவு உண்டாதல் தென்னாட்டில் காணப்படும் ஒருவகை நோய். அந்நோயுற்ற 185 பேரைச் சராசரி நாலரை ஆண்டுகள் கவனித்து, அவரும் அவர் மைந்தர் வி. மோகனும் சுரேஷ் சாரி முதலியோரும் 1994-இல் ஆராய்ச்சியுரை வெளியிட்டனர். அறுவர் கணையப் புற்றால் இறந்திருந்தனர்; பிறர்க்குள்ள அபாயத்தினும் இது ஏறத்தாழ நூறு மடங்கு.

சாரி பின்னர் அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையில் இருந்துகொண்டு, ஏனைய நீரிழிவாளரையும் ஆராய்ந்தார். ஐம்பது வயதிற்குமேல் புதிதாக நீரிழிவு கண்டவருள், ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர்க்கு மூன்றாண்டிற்குள் கணையப் புற்று வெளிப்பட்டதென 2005-இல் அவர் குழுவினர் உரைத்தனர். அவருட் பலர்க்கு, மறைந்திருந்த புற்றே நீரிழிவை விளைத்தது. எஞ்சிய தொண்ணூற்றொன்பதின்மர் அஞ்ச வேண்டுவதில்லை; ஆயின் அந்த ஒருவரைப் பிரித்தறிவது எங்ஙனம்? வயது, எடையின் மாற்றம், சர்க்கரையின் ஏற்றம் என்னும் மூன்றையும் கொண்டு 2018-இல் ஓர் அளவை வகுத்தனர். அதனால் மிக்க ஐயத்திற்குரியவரைப் பிரித்து, அவரிடத்தே உயிர்க்குறிகளையும் படச்சோதனையையும் நடத்திப் பார்த்தல் இயலும்.

உணவைக் குறைத்ததனால் எடை இறங்குமாயின், சர்க்கரையும் உடன் இறங்குவதே வழக்கம். எடை இறங்கச் சர்க்கரை ஏறுமாயின், அதனை வைத்தியரிடம் தனியே எடுத்துச் சொல்லல் வேண்டும். எம் தெருப் பெரியவரின் குறிப்புப் புத்தகத்தை அவர் மனைவியார் எமக்குக் காட்டினார். மாதந்தோறும் எடை குறைந்துள்ளது. அடுத்த பத்தியிலே சர்க்கரை ஏறியுள்ளது.