நாவலில் வரும் சோகக் காதல்



ஒரு காலத்தில் நம் மலாக்கா மாநிலத் தோட்டங்களுக்கு ஒரு வார இதழ் வந்தால் அது ஒரு வீட்டோடு நிற்பதில்லை. லயம் லயமாகக் கைமாறி, அட்டை கிழிந்துதான் திரும்பும். மாலையில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் வெற்றிலை மடித்தபடி கேட்பதும் உண்டு. காதலர் பிரியும் இடம் வந்தால் கண்கள் கலங்கும். விடியுமுன் பெரட்டுக்குப் போய், பால்மரத்தோடு பாடுபட்டவர்களுக்குச் சொந்தத் துயரம் போதாதா? கதையிலும் அழ வேண்டுமா? பெண் பிள்ளை நாவலைத் தொட்டால் கெட்டுவிடுவாள் என்று பறித்து வைத்த பெற்றோரும் நம்மிடையே இருந்தார்கள்.

இதற்கு விடை தேடித் தொல்காப்பியத்திடம் போகலாம். மெய்ப்பாடு எட்டு என்று கூறும் அந்நூல், அழுகை பிறக்கும் இடங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கைச் சொல்கிறது. பிறரால் இகழப்படுதல், இழத்தல், பண்டைய நிலை கெடுதல், இல்லாமை என்று இவற்றுக்குப் பொருள் கொள்ளலாம். காதல் தோல்வி என்று தனியாக ஒன்று இதில் இல்லை! காதல் கதையைப் படித்து நாம் அழும்போது காதலுக்காக மட்டும் அழுவதில்லை.

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1940களில் தொடர்கதையாக வந்தது. அரசவையில் ஆடிய சிவகாமி, சிறைப்பட்டவர்கள் மீது விழும் சாட்டையடியை நிறுத்துவதற்காக வாதாபியின் நாற்சந்தியில் ஆடுகிறாள். இளிவும் அசைவும் அங்கேயே வந்துவிட்டன. மாமல்லர் மாறுவேடத்தில் மீட்க வந்தபோதோ, வாதாபி எரிந்த பிறகே வருவேன் என்று மறுத்துவிடுகிறாள். ஒன்பது ஆண்டுகள் கழித்து வாதாபி எரிகிறது. ஆனால் மாமல்லருக்கு மனைவியும் மக்களும் இருக்கிறார்கள். யாரைக் குற்றம் சொல்வது? நான்காம் பாகத்துக்குச் 'சிதைந்த கனவு' என்று கல்கி பெயரிட்டு முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். அப்படியும் நாம் படிப்பதை நிறுத்துவதில்லை.

நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' வேறு வகை. அதில் அரவிந்தனைக் காய்ச்சல் கொண்டுபோகிறது. தம் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பெயர் வைக்கும் அளவுக்கு வாசகர்கள் அதில் மனத்தைப் பறிகொடுத்தார்கள். என்றாலும் வெளியிலிருந்து வரும் நோயைவிட, தன் வாயாலேயே தனக்கு விதித்துக்கொண்ட சிவகாமியின் துன்பமே ஆழமானது என்பது நம் கருத்து.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். சிவகாமி சாகவில்லை, ஏகாம்பரநாதருக்குத் தன்னை ஒப்படைத்து வாழ்கிறாள். பூரணியும் வாழ்கிறாள். சரத் சந்திரரின் தேவதாஸ் மட்டும் குடித்தே அழிந்து, பார்வதியின் வாசலில் உயிரை விடுகிறான். 1953இல் தமிழ்த் திரைப்படமாகவும் வந்த அக்கதையைப் பிள்ளைகள் பார்த்தால் தடுக்க வேண்டாம். உடன் உட்கார்ந்து பேசுங்கள். மருந்து குடித்துச் செத்த இளம் காதலர்களின் செய்தி நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. பறித்து வைத்த புத்தகம் அவர்களில் யாரையும் காப்பாற்றவில்லை.

நம் மாநிலத்திலேயே, மெர்லிமாவில், துன் தேஜாவின் கல்லறை என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். ஹங் துவா காவியத்தில், அவன் பகாங்குக்குச் சென்று அவள் மனத்தை மயக்கித் தன்மீது காதல் கொள்ளச் செய்கிறான்; கப்பலில் அழைத்துவந்து தன் மன்னனிடம் ஒப்படைத்துவிடுகிறான். மாமல்லரைப் போலவே அவனும் அரசுக் கடமையைச் சொல்வான். சிவகாமியைப் படித்த மாணவர்களிடம் இக்கதையைச் சொல்லிப் பாருங்கள். "துன் தேஜாவை யாருமே கேட்கவில்லையா, சார்?" என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வியாக இருக்கும்.