எடைக்குப் போடுமுன்

வீடு நாள்தோறும் நிறைந்துகொண்டே இருக்கும் ஓர் இடம். புதிய பை வந்ததும் பழைய பை பரணில் ஏறுகிறது. புதிய மிக்சி வந்ததும் பழையது கட்டிலின் அடியில் புகுகிறது. ‘என்றாவது பயன்படும்’ என்று எடுத்து வைத்த பொருள்கள் சில ஆண்டுகளில் நம் கண்ணிலிருந்தே மறைந்துவிடுகின்றன. வீட்டைக் காலி செய்ய நேரும் நாளில்தான் அவை மீண்டும் வெளியே வருகின்றன.

சித்தூரும் திருப்பதியும் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள ஊர்கள். 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி தனி மாவட்டமாகும் வரை இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருந்தன. பணி மாறுதலாலும் பிள்ளைகளின் படிப்பாலும் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்கள் இங்கு உண்டு. சித்தூரில் முப்பது ஆண்டுகள் வாழ்ந்த ஒரு குடும்பம் திருப்பதியில் ஓர் அடுக்குமாடி வீட்டிற்குச் செல்ல இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வீட்டில் பரணும் புழக்கடையும் உண்டு. புதிய வீட்டில் இரண்டும் இல்லை. எல்லாவற்றையும் ஏற்றிச் செல்ல இயலாது. எதை வைத்துக்கொள்வது? எதை விற்பது?

வேண்டாதவற்றை நீக்குவது நமக்குப் புதிய வழக்கம் அன்று. பொங்கலுக்கு முந்தைய நாளாகிய போகியைத் தமிழர், தெலுங்கர் ஆகிய இரு திறத்தாரும் கொண்டாடுகின்றனர். அன்று வீட்டைத் துப்புரவு செய்து, பழைய பாயையும் துடைப்பத்தையும் தீயிலிடுவர். அக்காலத்தில் அவை புல்லாலும் ஓலையாலும் ஆனவை, எரிந்து சாம்பலாயின. இன்றைய வீட்டுப் பொருள்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக், ரப்பர், செயற்கை இழை ஆகியவற்றால் ஆனவை. இவற்றை எரித்தால் நச்சுப்புகை எழும். 2018ஆம் ஆண்டு போகியன்று புகையும் பனியும் கலந்து சூழ்ந்ததால் சென்னையில் விமானப் போக்குவரத்தே தடைப்பட்டது. ஆகவே, இக்காலத்தில் போகியின் பணியை நெருப்பிடம் ஒப்படைக்காமல் நாமே செய்தல் வேண்டும்.

அதற்கு முதற்படி பிரித்தல். பொருள்களை நான்கு குவியல்களாகப் பிரிக்கலாம். வைத்துக்கொள்வன, பிறருக்குக் கொடுப்பன, விற்பன, பாதுகாப்பாக அகற்றுவன என்பவை அவை. ஓர் அறையை முடித்த பின்னரே அடுத்த அறைக்குச் செல்ல வேண்டும். ஒரு பொருளை எந்தக் குவியலில் இடுவது என்பதை அதற்கு உரியவரே முடிவு செய்தல் முறை. தாத்தாவின் நாற்காலியைத் தாத்தாவிடம் கேளாமல் விற்கலாகாது. தம்பியின் பொம்மைக்கும் இவ்விதி பொருந்தும்.

பிரித்து விற்பதற்கு நம் அருகிலேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. திருமலையில் பக்தர்கள் செலுத்தும் காணிக்கைகளில் பணமும் பொன்னும் மட்டுமன்றிக் கைக்கடிகாரங்களும் கைப்பேசிகளும் உள்ளன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் இவற்றைப் புதியவை, பயன்படுத்தப்பட்டவை, சிறிது பழுதுற்றவை என வகைப்படுத்தி, இணையவழி ஏலத்தில் விற்கிறது. பக்தர்கள் காணிக்கையாகத் தரும் தலைமுடியும் நீளத்திற்கேற்ப வகை பிரிக்கப்பட்டே ஏலத்திற்கு வருகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி விற்றால் நல்ல பொருளுக்கும் பழுதான பொருளின் விலையே கிடைக்கும். பழுதை மறைத்து விற்றால் வாங்குபவர் ஏமாறுவார். வகை பிரித்து, நிலையைக் கூறி விற்பது இருவருக்கும் நன்மை தரும்.

வீட்டிலும் இதே முறையைப் பின்பற்றலாம். இன்னும் பயன்படக்கூடிய கட்டில், மேசை, மிதிவண்டி போன்றவற்றைத் தெரிந்தவர்களுக்கோ பழைய பொருள் வாங்குவோருக்கோ விற்கலாம். விற்குமுன் துடைத்து, பழுது இருந்தால் முன்னரே சொல்லிவிட வேண்டும். நாளிதழ்களும் பயன்படாத இரும்பும் எடைக்குப் போகும். வீட்டிலேயே ஒருமுறை நிறுத்துப் பார்த்துக்கொண்டு, இரண்டு கடைகளில் விலை கேட்பது நன்று.

உலோகப் பாத்திரங்களை விற்கும்போது கூடுதல் கவனம் தேவை. செம்பும் துத்தநாகமும் கலந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் கலந்தது வெண்கலம். இவை இரும்பைவிட விலை மிக்கவை. இவற்றுள் எதையும் காந்தம் ஈர்ப்பதில்லை. மஞ்சள் நிறப் பாத்திரம் ஒன்றில் காந்தம் ஒட்டினால், அது மேற்பூச்சு இட்ட இரும்பாக இருக்கக்கூடும். உட்புறத்தில் ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தைப் பயனற்றது என்று கருதிவிடலாகாது. மீண்டும் ஈயம் பூசினால் அது சமையலுக்கு உதவும்.

நான்காம் குவியல் சிறிது. ஆயினும் அதுவே ஆபத்து மிக்கது. குழல் விளக்கில் பாதரசம் உண்டு. பழைய தொலைக்காட்சியின் படக்குழாயில் காரீயம் உண்டு. கைப்பேசி மின்கலம் நசுங்கினால் தீப்பற்றக்கூடும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, மின்னணுக் கழிவுகளைப் பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்களே கையாள வேண்டும். எனவே இவற்றைக் குப்பைத்தொட்டியில் இடாமல் தனியே சேர்த்து ஒப்படைக்க வேண்டும். கைப்பேசியைக் கொடுக்குமுன் அதிலுள்ள படங்களையும் எண்களையும் அழித்துவிட வேண்டும்.

இவ்வளவும் செய்த பின், பரணின் மூலையில் ஒரு தகரப் பெட்டி எஞ்சுகிறது. அதனுள் பழுப்பேறிய தாள்களும் கட்டவிழ்ந்த புத்தகங்களும் கிடக்கின்றன. ‘எல்லாம் பழைய காகிதம், எடைக்குப் போட்டுவிடலாம்’ என்கிறார் ஒருவர். இங்குச் சற்று நின்று, திருமலையில் நிகழ்ந்த ஒன்றை அறிந்துகொள்வோம்.

பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் திருவேங்கடமுடையான்மீது தெலுங்கிலும் வடமொழியிலும் ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளைப் பாடினார். அவை செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் ஒரு சிறிய அறையில் வைக்கப்பட்டன. காலம் செல்லச்செல்ல அந்த அறையை உலகம் மறந்தது. 1922ஆம் ஆண்டில்தான் அவை மீண்டும் வெளிச்சத்திற்கு வந்தன. இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட செப்பேடுகள்! வெறும் செம்பாகக் கண்டால் அவற்றுக்கும் எடை விலைதான். அறிஞர்கள் அவற்றை எழுத்து எழுத்தாகப் படித்தனர். பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட கீர்த்தனைகள் நாட்டிற்குத் திரும்பக் கிடைத்தன. மதுரையில் பிறந்த எம். எஸ். சுப்புலட்சுமி அவற்றுள் சிலவற்றைப் பாட, அவை தமிழர் வீடுகளிலும் ஒலித்தன.

எல்லாச் செல்வங்களுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. உ. வே. சாமிநாதையர் (1855–1942) ஓலைச்சுவடிகளைத் தேடி ஊர் ஊராகச் சென்றார். சில வீடுகளில் அவர் செல்வதற்கு முன்பே சுவடிகள் நெருப்பிற்கும் ஆற்றுக்கும் இரையாகியிருந்தன. அவற்றை எறிந்தவர்கள் தீயவர் அல்லர். தாத்தா படித்த ஏட்டைப் பேரனால் படிக்க இயலவில்லை. படிக்க இயலாத பொருள் அவனுக்குக் குப்பையாகத் தோன்றியது. எஞ்சிய சுவடிகளை ஐயர் ஒப்புநோக்கிப் பதிப்பித்ததால்தான் 1894இல் புறநானூறு அச்சில் நம் கைக்கு வந்தது.

இனி அந்தத் தகரப் பெட்டிக்குத் திரும்புவோம். அதில் பாட்டியின் கடிதங்கள் இருக்கலாம். எந்தெந்த உறவினர் எந்தெந்த ஊரில் வாழ்ந்தனர் என்ற குறிப்பு இருக்கலாம். கொள்ளுத்தாத்தா கையெழுத்தில் எழுதிய மருந்துக் குறிப்போ வீட்டுக் கணக்கோ இருக்கலாம். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். படித்துப் பார்த்தால்தான் தெரியும். தெருவில் தெலுங்கும் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளரும் வீட்டில், அத்தாள்களைப் படிக்கக்கூடிய இளையவர் யார்? இப்பாடத்தைப் படித்துக்கொண்டிருக்கும் நீங்கள்தாம்.

ஆகவே பெரியவர்களிடம் கேட்டு அந்தப் பெட்டியைத் திறவுங்கள். ஒவ்வொரு தாளிலும் நான்கு வரிகளையாவது வாய்விட்டுப் படியுங்கள். புரியாத சொல்லைப் பாட்டியிடம் கேளுங்கள். முக்கியமானவற்றைப் படம் எடுத்து, எவர் எழுதியது, எந்த ஆண்டு என்று குறித்து வையுங்கள். மற்றவற்றை மனநிறைவோடு எடைக்குப் போடலாம். புதிய வீடு சிறியதே ஆயினும், நூறு கடிதங்கள் அடங்கிய ஒரு கட்டுக்கு அங்கே ஓர் இடம் இருக்கும்.

பயிற்சி

1. போகியன்று பழைய பொருள்களை எரிக்கும் வழக்கத்தை இன்று ஏன் மாற்றிக்கொள்ள வேண்டும்?

2. காணிக்கைப் பொருள்களைத் திருமலையில் எவ்வாறு விற்கின்றனர்? அம்முறையிலிருந்து வீட்டிற்குக் கற்றுக்கொள்ளத்தக்கது யாது?

3. செப்பேடுகளின் எடைக்கும் அவற்றின் மதிப்பிற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் எழுதுக.

4. உம் வீட்டில் உள்ள பழைய தமிழ்க் கடிதம், நாட்குறிப்பு, அழைப்பிதழ் ஆகியவற்றுள் ஒன்றைப் பெரியவர் துணையுடன் படித்து, அதில் அறிந்ததைப் பத்து வரிகளில் எழுதுக.