நாற்பது ஆண்டு பழைய டிஸ்கோ, புதிய இசைத்தட்டில்

1982-இல் இத்தாலியின் மிலான் நகரில் உருவான டிஸ்கோ பாட்டு 'டர்ட்டி டாக்'. க்ளைன் அண்ட் எம்.பி.ஓ. குழுவினுடையது. அடுத்த ஆண்டு வந்த நியூ ஆர்டர் குழுவின் புகழ்பெற்ற 'ப்ளூ மண்டே'யில் இதன் தாக்கம் உண்டு. சிந்தசைசரும் டிரம் மெஷினும் துணையாக இப்படி எத்தனையோ பாடல்களைச் சின்னச் சின்ன நிறுவனங்கள் வெளியிட்டன. தட்டுகள் கொஞ்சமாகவே அச்சாயின, நிறுவனங்களும் மூடப்பட்டன.

இன்று அவற்றை மறுபதிப்புச் செய்பவர்களின் முதல் வேலை, மூல ஒலிநாடாவைத் தேடுவது. கிடைத்தாலும் உடனே ஓட்ட முடியாது. அக்கால நாடாக்கள் பலவற்றில், காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போயிருக்கும். அப்படியே சுழற்றினால் துகள் உரிந்து, ஒலியும் அதோடு போய்விடும். அதனால் நாடாவைச் சுமார் 50 டிகிரி மிதமான சூட்டில் மணிக்கணக்கில் வாட்டுகிறார்கள். அதன்பின் சில வாரங்களுக்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். விட்டால் மறுபடி ஒட்டத் தொடங்கும். நாடாவே இல்லையென்றால், கீறல் விழாத பழைய தட்டுதான் கதி.

அடுத்தது உரிமை. இங்கேதான் பெரும் சிக்கல். உதாரணமாக, இதே இத்தாலிய டிஸ்கோவில் டென் ஹாரோ என்ற பெயரில் மேடையில் தோன்றியவர் ஸ்டெஃபானோ சாந்த்ரி. அந்தப் பெயரில் வந்த பல பாடல்களின் குரலோ டாம் ஹூக்கருடையது! உழைத்தவர் யாரென்று கண்டுபிடித்து, உரிமம் பெற்று, அவருக்கான பங்கைக் கொடுத்து வெளியிடுவதே முறையான மறுபதிப்பு.